ஆண்டவருடைய கோழி

காணிக்கைக்கென்று வளர்க்கிற கோழி முட்டையிட்டால், அந்த முட்டை யாருக்குச் சொந்தம்? வளர்க்கிறவருக்கா, கோயிலுக்கா? சிரிப்பீர்கள் என்று தெரியும். வேறு யாராவது கேட்டிருந்தால் நானும் சிரித்திருப்பேன். ஆனால் நான்கு வருடங்களுக்கு முன்பு, மதுரை தல்லாகுளத்தில் நாங்கள் வாடகைக்கு இருந்த மாடி வீட்டில், இந்தக் கேள்வி என்னைப் படாத பாடு படுத்தியது. இன்றுவரை எனக்கு அதற்குப் பதில் தெரியாது.

அப்போது என் மகளுக்கு நாலு வயது. நான் ஒரு மிஷன் பள்ளியில் ஆசிரியையாக இருந்து, அவள் பிறந்த பிறகு வேலையை விட்டவள். வேலைக்குப் போனால் பிள்ளையைக் கவனிக்கவில்லை என்பார்கள், போகாவிட்டால் பி.எட். படிப்பை வீணாக்குகிறாயே என்பார்கள். இரண்டையும் எனக்கு நானே சொல்லிக்கொள்வதும் உண்டு. எதையும் செய்வதற்கு முன்னால் இரண்டு தடவை யோசித்து, செய்து முடித்த பிறகு இன்னொரு தடவையும் யோசிக்கிறவள் நான்.

அந்த நாட்களில் என் பெரிய கவலை மகளின் சாப்பாடு. ஒரு வாய்ச் சோற்றைக் கன்னத்தில் அடக்கி வைத்துக்கொண்டு அரை மணி நேரம் இருப்பாள். டாக்டர் ஒவ்வொரு முறையும் எடைக் கருவியைப் பார்ப்பார், பிறகு என்னைப் பார்ப்பார். அந்தப் பார்வைக்குப் பயந்தே ஊசி போடும் தேதியைத் தள்ளிப் போட்டிருக்கிறேன்.

எங்கள் சபைக்கு அதற்கு முந்தின வருடம்தான் ஒரு புது ஆயர் வந்திருந்தார். எழுமலைப் பக்கத்துச் சின்னச் சின்னச் சபைகளில் பல வருடங்கள் இருந்தவர். விளைச்சலைக் கோயிலுக்குக் காணிக்கையாகக் கொண்டுவரும் அறுப்பின் பண்டிகையில், அவர் வந்த முதல் வருடம், பீடத்தைச் சுற்றி நாங்கள் குவித்து வைத்திருந்த பூசணிக்காய்களையும் கரும்புக்கட்டுகளையும் வாழைத்தார்களையும் பார்த்து ரொம்பச் சந்தோஷப்பட்டார். எல்லாம் எங்கே விளைந்தது என்று ஆசையாகக் கேட்டார். முந்தின நாள் சாயங்காலம் சிம்மக்கல் மார்க்கெட்டில் விளைந்தது என்று யாரோ சொல்ல, கோயிலே சிரித்தது. அவரும் சிரித்தார். ஆனால் மனதில் வைத்துக்கொண்டார்.

அடுத்த வருடம் பள்ளிக்கூடம் திறந்த மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வந்தால், வாசலில் ஒரு மினி வேன் நிற்கிறது. உள்ளே தக்காளி நாற்று, கத்தரி நாற்று, முருங்கைக் கம்பு, நடுவில் கூடைகளில் கோழிக்குஞ்சுகள். எல்லாம் அவருடைய பழைய சபையார் கொடுத்துவிட்டது. குடும்பத்துக்கு ஒன்று எடுத்துக்கொண்டுபோய் வளர்த்து, அறுப்பின் பண்டிகைக்குக் கொண்டுவர வேண்டும். நம்மிடம் இருப்பது எதுவும் நம்முடையது இல்லை, பார்த்துக்கொள்ளும்படி நம் கையில் கொடுக்கப்பட்டிருக்கிறது, நாம் உக்கிராணக்காரர்கள் மட்டும்தான் என்று அன்றைய பிரசங்கத்தில் அவர் சொன்னது, வேனைப் பார்த்த பிறகுதான் பலருக்குப் புரிந்தது.

யாருக்கு எது என்று சீட்டுக் குலுக்கிப் போட்டார்கள். பெரும்பாலானவர்களுக்கு நாற்றுகள்தான் வந்தன. எங்களுக்காக என் மகள் கையை விட்டு எடுத்தாள். கோழி.

என் கணவர் அரசு அலுவலகத்தில் கிளார்க். அதிகம் பேசாதவர். அன்று வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார். "மாடி வீட்ல கோழியா? வீட்டுக்காரக்கா நம்மளையும் கோழியையும் சேத்துக் கூடையில வச்சு அனுப்பிருவாங்க பாரு."

வீட்டுக்கார அக்கா கீழ்த்தளத்தில் இருந்தார். வெள்ளி, செவ்வாய் தவறாமல் அம்மன் கோயிலுக்குப் போகிறவர். வாசலில் செருப்பு கோணலாகக் கிடந்தாலே சத்தம் போடுவார். நான் கூடையை முந்தானையில் மறைத்துக்கொண்டு போய்த் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னேன். அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "நேந்து விட்டதா?"

அப்படித்தான் என்றேன்.

"அப்ப சரி. சாமிக்கு நேந்து விட்டதை வெரட்டக் கூடாது. எங்க வேணா மேயட்டும்."

இப்படித்தான் அந்தக் கோழி எங்கள் வீட்டுக்கு வந்தது. செம்மண் நிறம். கழுத்தைச் சுற்றி மட்டும் கறுப்பும் வெள்ளையுமாகப் புள்ளிகள். பகலில் மொட்டை மாடியிலும் அக்காவின் செடிகளுக்கு நடுவிலும் திரியும். பொழுது சாய்ந்தால் மாடிப்படிக்கு அடியில் ஒரு பஞ்சாரத்தைக் கவிழ்த்து அதை மூடி வைப்போம்.

முதல் நாளே மகளை உட்கார வைத்துத் தெளிவாகச் சொல்லிவிட்டேன். "இது நம்ம கோழி இல்ல, ஆண்டவரோட கோழி. நம்மகிட்டப் பாத்துக்கச் சொல்லிக் குடுத்திருக்காரு. அறுப்பின் பண்டிகைக்குத் திருப்பிக் குடுத்திரணும்." பெயர் வைக்கக் கூடாது என்றும் சொன்னேன். பெயர் வைத்தால் பாசம் வந்துவிடும், பிறகு பிரியும்போது பிள்ளை ஏங்கிப்போவாள் என்பது என் கணக்கு. அவள் சரி என்று தலையாட்டினாள். அதை 'ஆண்டவர் கோழி' என்று கூப்பிட ஆரம்பித்தாள். இரண்டு வாரத்தில் தெருவுக்கே அதுதான் பெயர். "ஏத்தா, உங்க ஆண்டவர் கோழி என் கறிவேப்பிலைக் கன்னை அம்புட்டையும் கொத்திருச்சு" என்று கீழேயிருந்து அக்கா சத்தம் போடுவார். ஆனால் விரட்ட மாட்டார்.

இப்போது நினைத்தாலும் அந்த மாதங்கள் என் மனதில் தனியாக நிற்கின்றன. காலையில் கணவர் ஆபீசுக்குக் கிளம்பிப் போன பிறகு, துணி உலர்த்த மாடிக்குப் போவேன். என் பின்னால் மகள், அவள் பின்னால் கோழி. துணிகளுக்கு நடுவில் மூன்று பேரும் நடப்போம். அவள் கேப்பையைக் கையில் வைத்து நீட்டுவாள். அது கொத்தும்போது கூச்சத்தில் நெளிந்து சிரிப்பாள். மேலே பருந்து வட்டமிட்டால் போதும், ஓடிவந்து கோழியின் மேல் என் நைட்டியைப் போர்த்தி உட்கார்ந்துகொள்வாள். எந்த வேலையும் முடியாது. ஆனால் எனக்கு அப்போது வேறு எங்கும் போகத் தோன்றியதில்லை.

ஐப்பசி மழை பிடித்த சமயத்தில் ஒரு நாள் அது ஊரைக் கூட்டுவதுபோலக் கத்தியது. மகள் இரண்டு உள்ளங்கைகளிலும் எதையோ ஏந்திக்கொண்டு, படிகளில் ஒவ்வொரு காலாக வைத்து இறங்கி வந்தாள். முட்டை. இன்னும் சூடு இருந்தது.

"இதை நான் சாப்பிடவா?" என்று கேட்டாள்.

தானாகச் சாப்பிடக் கேட்கிறாள். நான் எத்தனை நாள் ஜெபித்துக் காத்திருந்த வார்த்தை! ஆனால் நான் அவளிடமிருந்து முட்டையை வாங்கி அலமாரியில் வைத்தேன். கோழி ஆண்டவருடையது என்றால் முட்டையும் அவருடையதுதானே? மாலையில் கணவரிடம் கேட்டேன். வாடகை வீட்டு மாமரத்தில் காய் விழுந்தால் நாம் எடுத்துக்கொள்வதில்லையா என்றார். வீட்டுக்காரர் அனுமதித்தால்தானே எடுக்கலாம் என்றேன். "அப்ப வீட்டுக்காரரையே கேளு" என்று மேலே கையைக் காட்டிவிட்டுக் குளிக்கப் போய்விட்டார். ஆயருக்குப் போன் செய்தேன். மறுமுனையில் ரொம்ப நேரம் சிரிப்புச் சத்தம். "கோழியைப் பத்தித்தாம்மா யோசிச்சேன், அது முட்டை போடும்னு யோசிக்கவே இல்ல. ஜெபம் பண்ணிட்டு உங்க மனசுக்குச் சரின்னு படுறதைச் செய்யுங்க" என்றார். என்னைப் போன்ற ஒருத்திக்கு இதைவிடக் கஷ்டமான பதில் கிடையாது.

கடைசியில் முதல் முட்டையைக் கோயிலுக்குக் கொடுத்துவிட்டு, அதற்குப் பிறகு வந்தவற்றை மகளுக்கு அவித்துக் கொடுத்தேன். அவள் ஒரு துணுக்கு மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள். முட்டையோடு சோறும் இறங்கியது. டாக்டர் எடைக் கருவியைப் பார்த்துவிட்டு என்ன கொடுக்கிறீர்கள் என்று கேட்டார். காணிக்கைக் கோழி முட்டை என்று சொல்ல வாய் வரவில்லை. நாட்டுக்கோழி முட்டை என்றேன்.

பண்டிகை நெருங்க நெருங்க நான் நாட்களை எண்ண ஆரம்பித்தேன். கோழி போய்விட்டால் இவள் மறுபடியும் சோற்றைக் கன்னத்தில் அடக்குவாளே! எங்கள் கோயிலில் காணிக்கையாக வரும் பொருட்களை ஆராதனை முடிந்ததும் முற்றத்தில் ஏலம் விடுவார்கள். நானும் கணவரும் பேசி ஒரு முடிவுக்கு வந்தோம். கோழியைக் காணிக்கையாக ஒப்படைத்துவிடுவது, பிறகு ஏலத்தில் நாமே எடுத்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவது. கொடுத்ததுபோலவும் ஆயிற்று, கோழியும் நம்மோடு இருக்கும். அந்த மாதம் வேறு எதுவும் வாங்குவதில்லை என்று ஏலத்துக்காகவே பணம் ஒதுக்கினோம். மகளிடம் இதைச் சொல்லவில்லை. ஏலம் கைவிட்டுப் போனால் ஏமாந்துவிடுவாளே என்று பயம்.

பண்டிகையன்று கோயில் முற்றம் நிறைந்திருந்தது. சின்னத் தொட்டியில் ஒரே ஒரு கத்தரிக்காயோடு ஒருவர், கொத்தமல்லிக் கட்டோடு ஒருவர். முருங்கைக் கம்பு பட்டுப்போனவர்கள் மட்டும் வழக்கம்போல சிம்மக்கல் பூசணிக்காயோடு வந்து பின்வரிசையில் நின்றார்கள். மகள் பீடத்துக்கு முன்னால் போய் ஆயர் கையில் கோழியைக் கொடுத்தாள். அழவில்லை. நான் சொல்லிக் கொடுத்ததைச் சரியாகச் செய்துவிட்ட பெருமை அவள் முகத்தில் இருந்தது.

எங்கள் ஏலத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு தேங்காயை நல்ல விலைக்கு எடுத்தவர், பணத்தைக் கட்டிவிட்டு அதே தேங்காயைத் திரும்ப மேசையில் வைத்துவிடுவார். மறுபடி ஏலம் போகும். அடுத்து எடுத்தவரும் திருப்பிக் கொடுப்பார். ஒரே தேங்காய் நாலைந்து கை மாறும். ஒவ்வொரு தடவையும் எல்லோரும் கைதட்டுவார்கள். என் மகள் பிள்ளைகளோடு முன்னால் ஜமுக்காளத்தில் உட்கார்ந்து இதையெல்லாம் கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கோழி மேசைக்கு வந்தது. என் கணவருக்கு எதிராகக் கேட்டவர், சிம்மக்கல்லில் வெங்காயம் மொத்த வியாபாரம் செய்கிற ஒரு அண்ணன். வருடத்துக்கு ஒரு தடவை இந்த ஏலத்துக்கு மட்டும் கோயிலுக்கு வருகிறவர். பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய குரல். "நாட்டுக்கோழி மாப்ள, விட முடியாது" என்று என் கணவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே ஏற்றினார். இவரும் விடவில்லை. கடையில் மூன்று கோழி வாங்கும் விலையைத் தாண்டிய பிறகு அவர் கையை விரித்துவிட்டார். மூன்று தரம் சொல்லி எங்களுக்கு முடித்தார்கள். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

கணவர் கோழியை வாங்கி மகள் கையில் கொடுத்தார். அவள் அதன் கழுத்தில் கன்னத்தை ஒரு தடவை வைத்தாள். பிறகு நேராக மேசைக்கு நடந்து போய், எக்கி, அதைத் திரும்ப மேசைமேல் வைத்தாள்.

அன்று முழுவதும் கேட்காத கைதட்டல் அப்போது கேட்டது. ஆயர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் சட்டைப்பையைத் தொட்டுக் காட்டிவிட்டுத் தலையை அசைத்தார். இருந்ததையெல்லாம் ஏற்கெனவே கட்டியாகிவிட்டது. காணிக்கை மேசையில் பிள்ளை வைத்ததை, அவ்வளவு பேருக்கு முன்னால் எடுப்பதற்கு எங்கள் இருவருக்கும் கை வரவில்லை. வெங்காயக்கடை அண்ணன் முதல் விலையிலேயே எடுத்துக்கொண்டார். "பாப்பா வளத்த கோழி, கொழம்பு தேனா இருக்கும்" என்று யாரிடமோ சொல்வது என் காதில் விழுந்தது. பணத்தைக் கட்டிவிட்டுக் கோழியோடு வாசல் பக்கம் போனார்.

மகள் மேசைப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். வா போகலாம் என்றேன். வரவில்லை.

"அந்த மாமா இன்னும் திருப்பி வைக்கலையேம்மா" என்றாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எல்லோரும் அவளைப் பெரிய தியாகியாக நினைத்துக் கைதட்டிக்கொண்டிருந்தோம். அவளோ, எடுத்தவர்கள் திருப்பி வைப்பார்கள், வைத்தது சுற்றிச் சுற்றி வரும், கடைசியில் நம்மிடமே வரும் என்று பார்த்ததை அப்படியே நம்பி வைத்திருக்கிறாள்.

அவளைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். அண்ணன் கோழியின் காலைக் கட்டி ஸ்கூட்டர் கைப்பிடியில் தலைகீழாகத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தார். பின்சீட்டில் அவர் மனைவி ஏறி உட்கார்ந்திருந்தார். நான் என்ன கேட்பது, எப்படிக் கேட்பது என்று வார்த்தையைத் தேடுவதற்குள், மகள் என் இடுப்பிலிருந்து இறங்கிவிட்டாள்.

"மாமா, தலைகீழாப் பிடிக்காதீங்க. அதுக்குத் தலை சுத்தும்."

அவர் சட்டென்று கோழியை நிமிர்த்திப் பிடித்தார். அவள் தொடர்ந்தாள். கம்பு போட்டால் தின்னாது, கேப்பைதான் போட வேண்டும். பருந்து வந்தால் துணி போர்த்த வேண்டும். முட்டை போட்டால் ரொம்பக் கத்தும், பயப்படக் கூடாது. அதற்குப் பெயர் கிடையாது, ஆண்டவர் கோழி என்று கூப்பிட்டால் வரும். அவர் அவ்வளவு பெரிய உடம்பை வளைத்துக் குனிந்து ஒவ்வொன்றுக்கும் சரி, சரி என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

பின்சீட்டில் இருந்த அக்கா சிரிப்பை அடக்க முடியாமல், "ஏங்க, நீங்க கோழி வாங்குனீகளா, மருமகளைக் கூட்டிட்டு வாரீகளா?" என்று கேட்டார்.

அவர் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தார். "ஏம்மா, கோழியைப் பாப்பாவே வச்சுக்கட்டும். நான் குடுத்தது கோயிலுக்குத்தானே. கொண்டுபோங்க" என்று நீட்டினார்.

நான் ஆசைப்பட்டது அதுதான். அதற்காகத்தான் ஓடிவந்தேன். மகள் கையை நீட்டாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாசலில் நாலைந்து பேர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்று ஐந்து மாதம் தினமும் நான் அவளுக்குச் சொன்னது எனக்கே ஞாபகம் வந்தது.

"வேண்டாம்ணே. குடுத்தது குடுத்ததாவே இருக்கட்டும்" என்றேன்.

அந்த வார்த்தை விசுவாசத்திலிருந்து வந்ததா, பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்காக வந்ததா? எத்தனையோ தடவை எனக்குள் புரட்டிப் பார்த்துவிட்டேன். வண்டி கிளம்பியது. அந்த அக்கா கோழியை மடியில் நிமிர்த்தி வைத்துக்கொண்டு போனார். மகள் கையசைத்தாள். வீட்டுக்கு வந்து பஞ்சாரத்தைப் பார்த்த பிறகுதான் அழுதாள். பிள்ளையை அழ வைத்துவிட்டேன் என்று கீழ்வீட்டு அக்கா அன்று என்னோடு பேசவில்லை.

நான் பயந்ததில் பாதி நடந்தது. அதன்பிறகு ரொம்ப நாள் அவள் முட்டையைத் தொடவில்லை. ஆனால் சோற்றைக் கன்னத்தில் அடக்குவதும் திரும்பி வரவில்லை. இத்தனை நாளும் சாப்பிட வைத்தது முட்டையா, மாடியில் கோழியோடு ஓடிய ஓட்டமா என்பதும் எனக்குத் தெரியாது.

அடுத்த ஞாயிறு, வருடத்துக்கு ஒருமுறை மட்டும் வரும் வெங்காயக்கடை அண்ணன் கோயில் வாசலில் நின்றார். என்னைப் பார்த்ததும், "என்னம்மா, உங்க புள்ள இம்புட்டு சொல்லிக் குடுத்து அனுப்பிருச்சு, என் வீட்ல கத்தியை எடுக்க ஒருத்தரும் விடமாட்டேங்கிறாங்க. கறி ஆசையில வாங்குனவன் இப்ப காலையில எந்திரிச்சுக் கேப்பை போட்டுட்டு இருக்கேன்" என்று குறைபட்டுக்கொண்டார். மகள் கோழியைப் பற்றி ஏதேதோ விசாரித்தாள். அவர் பொறுமையாகப் பதில் சொன்னார். அதற்குப் பிறகு அவர் வராத ஞாயிறு குறைவு. ஆயர் இதைப் பிரசங்கத்தில் சொல்ல வேண்டும் என்று ஆசைப்பட்டார். வேண்டாம் என்று நான் கெஞ்சிக் கேட்டுக்கொண்டேன்.

இத்தோடு முடிந்திருந்தால் இதை ஒரு சந்தோஷமான நினைவாக மட்டும் வைத்திருப்பேன். போன வருடம் எங்களுக்கு ஒரு மகன் பிறந்தான். ஆஸ்பத்திரிக்கு வந்த மகளைக் கட்டிலில் உட்கார வைத்து, தம்பியை அவள் மடியில் வைத்தோம். மூச்சுக்கூட விடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கள் வீடுகளில் எல்லோரும் சொல்கிற வார்த்தையைத்தான் நானும் சொன்னேன். ஆண்டவர் தம்பியை நம்மகிட்டக் குடுத்திருக்காரு, நாம பத்திரமாப் பாத்துக்கணும் என்று.

அவள் தம்பியின் பாதத்தைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்துக் கேட்டாள்.

"எப்போம்மா திருப்பிக் கேப்பாரு?"

கணவர் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பிள்ளைகள் நமக்குச் சொந்தமில்லை, ஒப்படைக்கப்பட்டவர்கள் என்பதை நான் மனதார நம்புகிறேன். சபையில் மற்ற அம்மாக்களிடம் சொல்லியும் இருக்கிறேன். ஆனால் அந்த நிமிடத்தில் குழந்தையை அவள் மடியிலிருந்து எடுத்து என்னோடு இறுக்கிக்கொண்டேன். பேச்சை மாற்றினேன். அவள் மறுபடி கேட்கவில்லை. ஆனால் சில நாட்களில், நான் சமையலறையிலிருந்து எட்டிப் பார்க்கும்போது, தம்பி தூங்கும் தொட்டில் பக்கத்தில் யாரையோ உள்ளே விடாமல் காவல் காப்பதுபோல அவள் நின்றுகொண்டிருப்பாள்.

கையை விரித்து வாங்கவும் விரித்துக் கொடுக்கவும் பிள்ளைக்குக் கற்றுத்தர நினைத்தேன். அதோடு சேர்த்து இந்தப் பயத்தையும் நானேதான் கற்றுக்கொடுத்தேனா என்று யோசிக்காத நாளில்லை. இப்போது அவளுக்கு எட்டு வயது. அவள் கேட்டதற்குப் பொய் சொல்லாமல், பயமுறுத்தாமல், நான் நம்புவதையும் விட்டுக்கொடுக்காமல் ஒரு பதில் சொல்ல வேண்டும். உங்கள் பிள்ளைகளில் யாராவது இப்படிக் கேட்டிருந்தால், நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று எனக்கு எழுதுங்களேன்.